வெள்ளித் தட்டத்தில் ஒரு சோடிக் கையுறை

முற்றத்துக் கொடியில் வெள்ளைக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் அப்பாவுடையவை. அம்மா நீலம் போட்டு அலசி, விரல்கள் கீழே தொங்கும்படி கிளிப் குத்தியிருந்தார். கடற்காற்று உள்ளே வரும்போதெல்லாம் நாலைந்து பேர் ஒன்றாகக் கையை உதறுவதுபோல இருக்கும்.

ஆகஸ்ட் முடியும் காலம். இத்தாலியில், சிசிலியின் பலெர்மோவில் அந்த நாட்களில் கல்லும் வியர்க்கும். நான் பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். என் வாயில் ஒரு திகதி இருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

அப்பா குந்தியிருந்து செப்புச் சட்டிகள் தேய்த்துக்கொண்டிருந்தார். பழப்புளி கிடைக்காத ஊரில் பாதி எலுமிச்சம்பழமும் உப்பும்தான் செப்புக்கு மருந்து. முற்றம் முழுக்க அந்த வாசம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேல்மாடி யன்னல் திறந்தது.

"தூரி," என்று மாளிகையின் பிரபுவம்சத்து எசமானி பரோனெஸ்ஸா கூப்பிட்டார்.

என் அப்பாவின் பெயர் சிவராசா. அவருக்கு முன்னால் அந்த மாளிகையில் வேலை செய்த சிசிலிக்காரரின் பெயர் தூரி. ஆள் போய்விட்டார், பெயர் வேலையோடு நின்றுவிட்டது. அப்பா வந்த முதல் நாளே சட்டையோடு சேர்த்து அந்தப் பெயரையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் திராட்சை விருந்து வருகிறதல்லவா, என்று பரோனெஸ்ஸா மேலிருந்தே சொன்னார். அவர்களுக்கு மலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் தோட்டம் இருந்தது. அங்கே குத்தகைக்கு இருப்பவர்கள் வருடா வருடம் முதல் அறுத்த திராட்சையைக் கூடைகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்கு உறவெல்லாம் கூடி மதியச் சாப்பாடு. இந்த முறை ஆட்கள் அதிகம். உன்னுடைய மகள் வளர்ந்துவிட்டாள், அவளும் வந்து பரிமாறட்டும். கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் நான் அனுப்பிவிடுகிறேன் என்றார்.

பிறகு விருந்து நாளைச் சொன்னார்.

அப்பா நிமிர்ந்து பார்த்து, "சீ, சிஞ்ஞோரா," என்றார், ஓம் அம்மா என்று இத்தாலியனில். யன்னல் மூடிக்கொண்டது.

என் வாயில் இருந்த திகதியும் அவர் சொன்ன திகதியும் ஒன்று.

சென்ற கிழமை இங்கே நான் எழுதிய கதையை வாசித்த ஒருவர், உங்கள் அப்பா ஏன் எந்த இடத்திலும் பேசவில்லை என்று கேட்டிருந்தார். இந்தக் கிழமை அவர் பேசியதை எழுதுகிறேன். பேசியது கொஞ்சம்தான்.

தலை ஆட்டிய பாவம்

அந்தத் திகதி என் வரலாற்றுப் பரீட்சை. அந்த ஆண்டுகளில் ஜூனில் ஒரு பாடத்தில் விழுந்தவர்களுக்குச் செப்டம்பரில் இன்னொரு தடவை கொடுப்பார்கள். அதிலும் விழுந்தால் அதே வகுப்பில் மறுபடியும் ஒரு வருடம் இருக்க வேண்டும்.

எனக்கு அந்த மறுவருடம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பரோனெஸ்ஸா ஜூனிலேயே சொல்லியிருந்தார், படிப்பு வராவிட்டால் பிள்ளையை மேலே அனுப்பு, அவளுக்கும் ஒரு ஒப்பந்தம் எழுதித் தருகிறேன், பெர்மெஸ்ஸோவும் சிரமமில்லாமல் வரும் என்று. பெர்மெஸ்ஸோ என்பது நாங்கள் இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி. எங்கள் ஆட்களில் பலர் அதைக் கேட்டுவிட்டுக் கொடுத்துவைத்த குடும்பம் என்றார்கள்.

நான் எப்படி விழுந்தேன் என்பது சிரிப்புக்குரிய கதை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரலாற்று ஆசிரியை மெலிந்த பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருப்பார். கோட்டின் கையில் எப்போதும் சோக்குத் தூள். வாய்மொழிப் பரீட்சையில் அவர் என்னிடம் கேட்டார், மத்திய காலத்துப் பிரபுக்களும் குடியானவர்களும் வாழ்ந்த முறையைச் சொல்.

நான் சொன்னேன். புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரு காற்புள்ளி தவறாமல் ஒப்புவித்தேன். நாங்கள் விட்டு வந்த தீவின் பள்ளிக்கூடத்தில் பதினொரு வயதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் அப்படிக் கிடைத்ததுதான்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி இதை உன்னுடைய வார்த்தையில் சொல் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. புத்தகம் எழுதியவர் படித்தவர். அவருடைய வார்த்தையை மாற்றுவதற்கு நான் யார்? ஒருவேளை இவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். வகுப்பு சிரித்தது.

ஆசிரியை கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார், இது உனக்குப் புரிந்ததா?

நான் தலையை ஆட்டினேன். இரண்டு பக்கமும், மெல்ல, நாங்கள் ஓம் என்பதற்கு ஆட்டுவதுபோல. அவருடைய நாட்டில் அது இல்லை என்பதற்கான ஆட்டல். என் நேர்மையைக் கண்டு அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்க வேண்டும். ஆனாலும் தோல்விப் புள்ளியைத்தான் போட்டார்.

தலை விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அந்த ஊரோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. சிசிலிக்காரர் இல்லை என்று சொல்வதற்கு நாடியை மேலே தூக்கி, நாக்கால் 'த்ச்' என்பார்கள். அவ்வளவுதான். அப்பா வந்த புதிதில் போர்கோ வெக்கியோச் சந்தையில் சூடை மீன் இருக்கிறதா என்று ஒரு மீன்காரரைக் கேட்டிருக்கிறார். மனிதர் நாடியைத் தூக்கினார். அப்பாவும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மழை வரப்போகிறதாக்கும், அதன் பிறகு தருவாராக்கும் என்று கடை கட்டும் வரைக்கும் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார். அம்மா அதை இன்றைக்கும் விடவில்லை.

அன்று என் தலை சொன்னதுதான் உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிந்திருக்கவில்லை.

குதிரை கட்டிய வளையம்

நாங்கள் இருந்தது பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில், அந்த மாளிகையின் கீழ்த்தளத்தில், முன்பு குதிரை கட்டிய இடத்தில். இரண்டு அறை. சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. ஒன்றில் அம்மா இடியப்ப உரலைத் தொங்கவிட்டிருந்தார். இன்னொன்றின் மேல் முருகன் படம்.

வாடகை இல்லை. அதற்குப் பதில் எங்கள் அடுப்புக்கு மேலே ஒரு மணி இருந்தது. மேலே கயிற்றை இழுத்தால் கீழே அது அடிக்கும். காலை, மாலை, ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. அப்பா சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் அடித்தால், அந்தக் கவளம் திரும்பச் சோற்றுக் கோப்பைக்குப் போய்விடும். அவர் கையைக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு படி ஏறுவார். திரும்பி வரும்போது சோறு ஆறியிருக்கும்.

குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் அலுவலகத்தில், பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார் என்று பரோனெஸ்ஸா ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். கூரை, வேலை, நாட்டில் நிற்கும் உரிமை, மூன்றும் ஒரே மாடியிலிருந்து இறங்கி வந்தன.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வைத்தியரைக் கீழே அழைத்து வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் அவர்தான் தொலைபேசி எடுத்தார். அவர் நல்லவராக இருந்ததுதான் எங்களுக்குக் கஷ்டம். கெட்டவரிடம் முடியாது என்று சொல்வது சுலபம்.

ஜூலையில் ஒரு நாள் புத்தகத்தை அந்த வளையத்துக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் ஒரு படம் இருந்தது. உச்சியில் கோட்டை. கீழே வயல்கள், ஆலை, அடுப்பு, குடிசைகள். நூறு தடவை பார்த்த படம். அப்போது மணி அடித்தது. அப்பா எழுந்து போனார்.

நான் படத்தைப் பார்த்தேன். அப்பா ஏறிப் போன படியைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது.

ஊழியம்

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கேட்கும் ஆள் தேவைப்பட்டது. சொந்த வார்த்தையில் சொல்வதென்றால் யாருக்காவது சொல்ல வேண்டுமே. அம்மா, அடுப்பில் கறி இருக்கு, என்னை விடு என்றார். அப்பா மாலையில் வெள்ளிக் கரண்டிகள் மினுக்கும்போது எங்கும் ஓட முடியாது. அவரைப் பிடித்துக்கொண்டேன்.

இப்படித்தான் சொன்னேன். அரசன் ஒருவன் இருக்கிறான். அவனால் முழு நாட்டையும் தனியே காக்க முடியாது. எனவே நிலத்தைப் பிரித்துப் பெரிய பிரபுக்களுக்குக் கொடுக்கிறான். அவர்கள் யுத்தம் வந்தால் குதிரையோடும் ஆட்களோடும் வர வேண்டும். அந்தப் பிரபுவும் தன் நிலத்தில் கொஞ்சத்தைச் சின்னப் பிரபுவுக்குக் கொடுக்கிறான், அதே நிபந்தனையோடு. நிலம் வாங்கிக்கொண்டு விசுவாசம் கொடுப்பவனுக்கு வஸ்ஸாலோ என்று பெயர்.

இதெல்லாம் மேலே நடக்கிற கொடுக்கல் வாங்கல். சாப்பாடு விளைவது கீழே.

கீழே பண்ணை. அதன் நிலம் இரண்டு பங்கு. ஒரு பங்கு பிரபு தனக்கென்று வைத்தது. மற்றதைத் துண்டு துண்டாகக் குடியானவர்களுக்குக் கொடுத்திருப்பார். அந்தத் துண்டில் விளைவதைத்தான் குடியானவன் தின்ன வேண்டும், அதிலும் ஒரு பாகத்தைக் கொடுக்க வேண்டும். துண்டு கிடைத்ததற்காகப் பிரபுவின் பங்கில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். மாவரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், பாண் சுடப் பிரபுவின் அடுப்புக்குத்தான் போக வேண்டும். அதற்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். ஊரை விட்டுப் போக முடியாது. நிலம் கைமாறினால் நிலத்தோடு அவனும் கைமாறுவான்.

"அந்தச் சும்மா உழைக்கிறதுக்கு என்ன பேர்?" என்று அப்பா கேட்டார்.

"கொர்வே."

"எங்கடை பக்கம் ஊழியம் எண்டிறது," என்றார். கரண்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தார்.

அப்பா தன் சின்ன வயதைப்பற்றி அதுவரை எனக்குச் சொன்னதில்லை. அன்றும் அதிகம் சொல்லவில்லை. தீவில் ஒரு பெரிய வீடு. எங்கள் குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிமை, பரம்பரையாக வேலை செய்ய வேண்டிய ஆட்கள். அவர்களை நயினார் என்றுதான் கூப்பிட வேண்டும். படலைக்குள் போகும்போது தோளில் கிடக்கும் சால்வை இடுப்புக்கு வந்துவிட வேண்டும். அங்கே கலியாணம், செத்தவீடு எது நடந்தாலும் எங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பனையோலைப் பிளாவில் கஞ்சி. வருட முடிவில் நெல்.

அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவென்று புதுச் சட்டை தைத்து வைத்திருந்த காலையில், நயினார் வீட்டில் நெல்லுச் சூடு அடிக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாட்டுக்குப் பின்னால் சுற்ற ஒரு பொடியன் போதும் என்றார்களாம்.

"அண்டைக்குப் போகேல்லை. பிறகு போகவும் இல்லை," என்றார் அப்பா. கதை முடிந்தது.

கட்டும் சடங்கும் அவிழ்க்கும் சடங்கும்

அடுத்த மாலை விசுவாசச் சடங்கைச் சொல்லிக் காட்டினேன். வஸ்ஸாலோ வெறுந்தலையோடு முழங்காலில் நிற்பான். இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவான். பிரபு தன் இரண்டு கையாலும் அதை மூடிப் பிடிப்பார். நான் உன் ஆள் என்று இவன் சொல்வான். பிறகு பிரபு ஒரு கைப்பிடி மண்ணையோ, கோலையோ, கையுறையையோ கொடுப்பார். அதுதான் நிலம் கொடுத்ததற்கு அடையாளம்.

"கையுறையோ?" என்று அப்பா தன் கையைப் பார்த்தார்.

"ஓம்."

"கட்டிறதுக்குச் சடங்கு இருக்கெண்டா, அவிழ்க்கிறதுக்கும் ஒண்டு இருக்கோணுமே."

எனக்கு அது தெரியாது. பாடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைத் தேடிப் பார்த்தேன், இருந்தது. வஸ்ஸாலோவுக்கு அநியாயம் நடந்தால் அவன் எல்லோருக்கும் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கீழே போடுவான். அதோடு கட்டு அறுந்தது. நிலம் திரும்பப் பிரபுவுக்கு, ஆள் திரும்பத் தனக்கு.

அப்பா சிரித்தார். இந்தியாவில் சில பக்கங்களில் கலியாணத்தை முறிப்பதற்கும் துரும்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கொழும்பில் தன்னோடு வேலை செய்த ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறாராம். எத்தனை கடல் தாண்டியும் மனிசர் ஒரே வைக்கோலைத்தான் தூக்குகிறார்கள் என்றார்.

"குடியானவனும் துரும்பு போடலாமோ?"

"இல்லை அப்பா. அவன் சத்தியம் செய்து சேர்ந்தவன் இல்லை. பிறந்தபடியாலை சேர்ந்தவன். அவனுக்குத் துரும்பு இல்லை."

அப்பா கடைசிக் கரண்டியை மினுக்கி, பெட்டியின் வெல்வெட்டில் வைத்து மூடினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"அப்ப நாங்கள் ஆர் பிள்ளை? வஸ்ஸாலோவோ, குடியானவனோ?"

நான் சின்ன எழுத்துகளை மறுபடியும் தேடத் தொடங்கினேன்.

இரண்டு விளைச்சல், ஒரு நாள்

யன்னல் மூடிய அந்த ஆகஸ்ட் நாளுக்கு வருகிறேன். பரீட்சையும் அதே நாளில் என்று சொன்னேன். அப்பா எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார்.

அம்மாதான் பேசினார். போய் மேலே சொல்லுங்கோ, மனிசிக்கு விளங்கும் என்றார். சொன்னால் பரீட்சையைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லித் தொலைபேசி எடுப்பார், அல்லது இந்த ஒரு நாள்தானே என்பார், அதற்குப் பிறகு என்ன செய்வது என்றார் அப்பா. நவம்பரில் பெர்மெஸ்ஸோ முடிகிறது. மூன்று பேரும் அதைத்தான் நினைத்தோம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கொர்வேயில் கொடுமையான பகுதி உழைப்பு இல்லை, நேரம் என்றேன். பிரபுவின் கதிரும் குடியானவனின் கதிரும் ஒரே வெயிலில்தான் பழுக்கும். பிரபுவின் வயலைத்தான் முதலில் வெட்ட வேண்டும். தன் வயலுக்கு வரும்போது மழை விழுந்துவிடும்.

அப்பா சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த சட்டி.

விருந்துக்கு முதல்நாள் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தன. அம்மா கதிரை முதுகில் போட்டுவைத்தார். மறுநாள் விடிய எழும்பியபோது அதற்குப் பக்கத்தில் என் பள்ளிக்கூடப் பாவாடையும் கிடந்தது. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அடுப்படியில் மேலே கொண்டுபோவதற்குக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"எதைப் போட அப்பா?"

திரும்பிப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூட உடுப்பைப் போடு. மிச்சம் நான் பாக்கிறன்."

சொந்த வார்த்தை

கால்சாவின் சந்துகளில் அந்தக் காலையில் ஈரக்கல்லும் பொரித்த கடலைமாவும் மணந்தன. பின்னேரம் திரும்பி வரும்போது எங்களுக்கு வீடு இருக்குமா என்று தெரியாமல் நடந்தேன். கால் நடுங்கியது என்று எழுதினால் பொய். கோபமாக நடந்தேன். கோபம் நல்ல வண்டி.

மேசைக்குப் பின்னால் மூன்று ஆசிரியர்கள். நடுவில் கண்ணாடிச் சங்கிலி. அவர் புத்தகத்தைத் திறந்தார். நான் என் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன்.

பழைய கேள்விதான். ஆனால் இந்த முறை நான் ஒரு வீட்டிலிருந்து தொடங்கினேன். மேலே ஒருவர், கீழே ஒரு குடும்பம், இடையில் ஒரு மணி. கூரை கிடைப்பதற்கு என்ன கொடுக்க வேண்டும், அதை யார் தீர்மானிப்பது, கொடுப்பவர் நல்லவராக இருந்தால் வாங்குபவருக்கு ஏன் இன்னும் கஷ்டம். அங்கிருந்து பண்ணைக்குப் போனேன், ஆலைக்கும் அடுப்புக்கும் போனேன். பிறகு கடல் தாண்டித் தீவுக்குப் போனேன். சால்வை, பிளா, சூடடி. மறுபடி சிசிலிக்கு வந்தேன். சட்டம் மாறிய பிறகும் பழக்கம் எப்படி அதே படியில் ஏறி இறங்குகிறது என்றேன்.

இடப்பக்கம் இருந்த ஆசிரியர் குறுக்கிட்டார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

"இல்லை," என்றேன். "என்னுடைய வார்த்தையில் சொல்லச் சொன்னார்கள்."

கண்ணாடிச் சங்கிலி குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை மறைத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நிமிர்ந்து கடைசிக் கேள்வியைக் கேட்டார். வஸ்ஸாலோவுக்கும் குடியானவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வசனத்தில் சொல்.

"வஸ்ஸாலோவுக்கு ஒரு துரும்பு இருக்கிறது, அவனால் போக முடியும்," என்றேன்.

துரும்பை விளக்கினேன். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்போது உனக்குப் புரிந்ததா என்று கேட்டார். நான் தலையைக் கழுத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயால் "சீ" என்றேன்.

முடிவு எழுதி ஒட்டச் சில நாள் ஆகும். ஆனால் வெளியே வரும்போது அவர் கதவடிக்கு வந்து, அடுத்த வகுப்பில் சந்திப்போம், அங்கேயும் புத்தகத்தை மூடி வை என்றார்.

என் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் ஒரு அடுத்த வகுப்பு இருந்ததில்லை.

மேலே நடந்தது

மாளிகை வாசலில் கார்கள் நின்றன. முற்றத்தில் திராட்சைக் கூடைகள், அவற்றின் மேல் குளவிகள். சமையலறையில் அம்மா இரண்டு கையிலும் கோப்பைகளோடு நின்று, நடந்ததைச் சொன்னார். கோப்பியோடு போன அப்பாவுக்குப் பின்னால், வெண்ணெய்க் கிண்ணத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அம்மாவும் படி ஏறியிருக்கிறார்.

பரோனெஸ்ஸாவின் காலைக் கோப்பி வழக்கம்போல வெள்ளித் தட்டத்தில் போயிருக்கிறது. கோப்பைக்குப் பக்கத்தில், வழக்கத்துக்கு மாறாக, ஒரு சோடி வெள்ளைக் கையுறை. மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

அப்பா தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, என் மகளுக்கு இன்றைக்குப் பரீட்சை, அவள் போய்விட்டாள் என்றிருக்கிறார். அவள் வந்துதான் ஆகவேண்டும் என்றால் நானும் இன்றைக்கு இல்லை. இதோ கையுறை.

இவ்வளவையும் அப்பா தன் இத்தாலியனில் வினைச்சொல் ஒன்றும் சரியில்லாமல் சொன்னார் என்றும், ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை என்றும் அம்மா சொன்னார்.

பரோனெஸ்ஸா கையுறையைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். மலைப்பக்கத்திலிருந்து திராட்சை புறப்பட்டுவிட்டது. உறவுக்காரர்கள் வழியில். மேசைக்கு இன்னும் விரிப்புப் போடவில்லை. பாடத்தில் எழுதாத ஒன்றை அப்பா அந்த இடத்தில் கண்டுபிடித்தார். வஸ்ஸாலோ இல்லாத பிரபு, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு மனிசி. அவ்வளவுதான்.

முன்னமே சொல்லியிருக்கலாமே தூரி, என்றிருக்கிறார் பரோனெஸ்ஸா.

சொல்லியிருக்கலாம் சிஞ்ஞோரா, என்றிருக்கிறார் அப்பா. ஆனால் அப்போது நான் அனுமதி கேட்டிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

பரோனெஸ்ஸா கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, கையுறையைப் போட்டுக்கொண்டு மேசையைக் கவனி, உன் பிள்ளை படிக்கட்டும் என்றார்.

அப்பா தலை குனிந்து, வெற்றுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கையுறையும் தட்டத்திலேயே இருந்தது.

நான் படி ஏறிப் போய்க் கதவிடுக்கால் பார்த்தேன். நீண்ட மேசை. கிளாஸ்களின் சத்தம். அப்பா திராட்சைத் தட்டத்தை ஒவ்வொருவருக்கும் குனிந்து நீட்டிக்கொண்டிருந்தார், வெறுங்கையோடு. பெருவிரலில் எண்ணெய் சுட்ட தழும்பு. வெயிலிலும் செப்பிலும் கறுத்த விரல்கள். அந்த அறை அந்தக் கைகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிழவர் ஒருவர் என்ன இது, கையுறை இல்லையா என்று கேட்க, பரோனெஸ்ஸா, வெக்கை அதிகம் என்று சொல்லித் திராட்சையை எடுத்தார்.

அப்பா நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

நான் தலையை ஆட்டினேன். இரண்டு பக்கமும், நாங்கள் ஆட்டுவதுபோல. அந்த மேசையில் என்னைப் பார்த்த ஒரு அம்மாள் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அது ஓம் என்று.

நகரத்துக் காற்று

நவம்பரில் பரோனெஸ்ஸா பேசாமல் கையெழுத்து வைத்தார். அப்பா அதற்குப் பிறகு கையுறை போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வருடத்தில் நாங்கள் போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். மீன் நாற்றம், குழாயில் தண்ணீர் சொட்டு, படி இருட்டு. ஆனால் எங்கள் கதவுப் பூட்டுக்கு எங்கள் திறப்பு. அப்பா காலையில் வேலைக்குப் போனார், மாலையில் வீட்டுக்கு வந்தார். இரண்டும் வேறு வேறு இடம் என்பதே அவருக்கு அதிசயமாக இருந்தது.

வெள்ளி மினுக்கும் வேலை இல்லாத மாலைகளில் அடுத்த பாடம் என்ன என்று கேட்பார். நகரங்கள் என்றேன். தப்பி ஓடிய குடியானவன் ஒரு நகரத்துக்குள் நுழைந்து, பிரபு வந்து பிடிக்காமல் ஒரு வருடமும் ஒரு நாளும் அங்கே இருந்துவிட்டால், பல இடங்களில் அவன் சுதந்திர மனிதன், நகரத்துக் காற்று விடுதலை தரும் என்பார்கள். அப்பாவுக்கு இந்தப் பாடம் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அந்த ஒரு நாள் எதற்கு என்று கேட்டார். வருடம் முடிந்ததை நம்புவதற்காக இருக்கும் என்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தைத் தூக்கினார். தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"தூரி இருக்கிறாரா?" என்றது பரோனெஸ்ஸாவின் குரல்.

"இது சிவராசா வீடு," என்றேன்.

பிறகு அவர் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டித் தடவி, ஆனால் முழுதாகச் சொன்னார். அவரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம்.

அப்பா இடது கையால் ரிசீவரை வாங்கினார். வலது கையில் கவளம் அப்படியே இருந்தது.

"நாளைக் காலை எட்டு மணிக்கு, சிஞ்ஞோரா," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஓம், எட்டு மணிக்கு வருவேன். மாலை வணக்கம்," என்று வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, நாங்கள் இஞ்சை வந்து வருசமும் ஒரு நாளும் ஆச்சுதோ?"

"எப்பவோ ஆச்சுதப்பா."

கவளத்தை வாயில் வைத்தார். சோறு இன்னும் சூடாக இருந்தது.